புரட்சிக்கு முன்னும் பின்னும் பெண்கள்: கேள்வி பதில்

திருவல்லிக்கேணியில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், புரட்சி, சமயம், சமூக மாற்றம் ஆகியவற்றில் பெண்களின் இடம் குறித்து உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். கல்லூரியில் நெடுங்காலம் வரலாறு கற்பித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

பெரம்பூரிலிருந்து ஓர் ஆசிரியை: உலகப் புரட்சிகளில் பெண்கள் துணைக்கு நின்றவர்கள் என்றுதானே பாடநூல்கள் காட்டுகின்றன?

அம்மா, அவர்கள் துணைக்கு வந்தவர்கள் அல்லர், தொடங்கி வைத்தவர்கள். 1917 மார்ச் 8 அன்று பெத்ரோகிராத் நகரின் வைபோர்க் பகுதியில் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டு வேலையை நிறுத்தி, பக்கத்து உலோக ஆலைகளின் ஆண்களையும் தெருவுக்கு அழைத்தபோதுதான் ஜார் ஆட்சியின் கடைசி வாரம் தொடங்கியது. 1789 அக்டோபர் 5 அன்று பாரிசுச் சந்தைப் பெண்கள் மழையில் வெர்சாய் வரை நடந்து, மறுநாள் அரசரையே தலைநகருக்கு அழைத்து வந்தார்கள். ஆனால் நான்கே ஆண்டுகளில், 1793 அக்டோபரில், அதே புரட்சியின் பேரவை பெண்களின் அரசியல் கழகங்களைத் தடை செய்தது. பெண்களின் உரிமைப் பிரகடனத்தை எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் அடுத்த மாதமே கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944இல். போராட அழைக்கும்போது இருக்கும் அவசரம் சட்டம் எழுதும்போது இருப்பதில்லை என்பதே நான் இந்த வரலாற்றில் திரும்பத் திரும்பக் காண்பது. கீழே வரும் பதில்களிலும் இதையே பார்ப்பீர்கள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஈரானில் 1979 புரட்சியின்போது பெண்களே விரும்பி முக்காடு அணிந்து ஊர்வலம் போனார்கள். பிறகு எதற்காக அதை எதிர்க்கிறார்கள்?

தம்பி, 1936இல் ரேசா ஷா முக்காட்டுக்குத் தடை விதித்தார். தெருவில் சென்ற பெண்களின் தலையிலிருந்து காவலர்கள் அதைப் பிடுங்கினார்கள். அந்த அவமானம் வீடுகளுக்குள் ஒரு தலைமுறை கடந்தும் மறக்கப்படவில்லை. ஆகவே 1978இல், வழக்கமாக அணியாத பெண்கள் பலரும் ஷாவின் மகனுடைய ஆட்சியை எதிர்க்கும் அடையாளமாக அதை அணிந்தார்கள். புரட்சி வென்ற சில வாரங்களுக்குள் பெண்களின் மணவிலக்கு உரிமையைக் காத்த 1967ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் ஒதுக்கப்பட்டது, முக்காடு அணியவும் சொல்லப்பட்டது. 1979 மார்ச் 8 அன்றே ஆயிரக்கணக்கான பெண்கள் தெஹ்ரானில் திரண்டார்கள். அரசு அப்போதைக்குப் பின்வாங்கினாலும் 1983இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது. 2022இல், முக்காட்டை முறையாக அணியவில்லை என்று கைது செய்யப்பட்ட மாசா அமினியின் மரணத்துக்குப் பின் எழுந்த போராட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. தலையில் துணி இருப்பதா வேண்டாமா என்பதைவிட, அதை முடிவு செய்வது யார் என்பதே அந்தப் பெண்களின் கேள்வி.

மயிலாப்பூரிலிருந்து ஒரு நடன ஆசிரியை: தேவதாசி ஒழிப்பைச் சீர்திருத்தம் என்று கொண்டாடுகிறோம். அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா?

இந்தக் கேள்விக்குச் சற்று நீண்டே பதில் சொல்ல வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையில் நுழைந்தவர், அந்தச் சமூகத்தைச் சேர்ந்த தாயின் மகள். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டு அவர்களை என்ன செய்தது என்பதை அவர் வீட்டுக்கு உள்ளிருந்தே அறிந்திருந்தார். 1929இல் அவர் முயற்சியால் இந்து அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தத்தின் நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. கோயில் பணிக்காகப் பெற்ற மானிய நிலத்தை அந்தப் பெண்கள் தங்களிடமே வைத்துக்கொண்டு, பணியிலிருந்து மட்டும் விடுபட அது வழி செய்தது. நிலம் கையில் இல்லாத பெண்ணிடம் விடுதலையைப் பற்றிப் பேசுவது வீண் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன். விடுதிகள் சேர்க்க மறுத்த சிறுமிகளுக்காக 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியதும் இதே அக்கறையால்தான். பொட்டுக்கட்டும் வழக்கத்தை முற்றாகத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது.

மறுபக்கமும் உண்மையே. சென்னைத் தேவதாசிகளின் சங்கம் அரசுக்கு எதிர்ப்பு விண்ணப்பம் எழுதியது. எதிர்த்தவர்களுள் பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஒருவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தம் சொந்தப் பணத்தில் எழுப்பியவர் அவர். அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாடத் தடை இருந்ததால் பெண்களுக்கெனத் தனி ஆராதனையும் நடத்தினார். படித்த, சொத்து வைத்திருந்த, தத்தெடுக்கவும் தாய்வழியில் சொத்தை மகளுக்கு விடவும் உரிமை பெற்றிருந்த பெண்கள், அவற்றை இழப்போம் என்று அஞ்சியது நியாயமான அச்சம். ஆனால் அதே சமூகத்தில் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று இந்த வழக்கத்துக்கு எதிராகப் பேசினார், 1936இல் நாவலும் எழுதினார். ஆகவே அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. அவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. சிறுமியின் சம்மதமின்றிக் கட்டப்படும் பொட்டை நிறுத்தியது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. நீங்கள் கற்பிக்கும் கலை மேடையேறியபோது அதைக் காத்த குடும்பங்கள் மேடைக்கு வெளியே நின்றன என்பதிலும் எனக்கு ஐயமில்லை.

புரசைவாக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்: 1938 மொழிப்போரில் பெண்கள் பங்கேற்றார்களா?

ஐயா, 'பெரியார்' என்ற பட்டத்தை வழங்கியதே பெண்கள் மாநாடுதான். 1938 நவம்பர் 13 அன்று சென்னை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் அது நடந்தது. மறுநாளே டாக்டர் தருமாம்பாள், இராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட பெண்கள் கட்டாய இந்தியை எதிர்த்து இந்து தியாலஜிக்கல் பள்ளி வாசலில் மறியல் செய்து சிறை சென்றார்கள். கைக்குழந்தைகளையும் உடன் கொண்டு சென்றவர்கள் அவர்களுள் உண்டு.

நாகர்கோவிலைப் பூர்வீகமாகக் கொண்ட தாம்பரம் உறுப்பினர்: சமயம் பெண்ணை அடக்கியதா, விடுவித்ததா?

உங்கள் ஊரின் தோள்சீலைப் போராட்டமே இரண்டையும் காட்டும். கிறிஸ்தவத்துக்கு மாறிய நாடார் பெண்கள், சாதியின் பெயரால் தங்களுக்கு மறுக்கப்பட்ட மேலாடையை அணியத் தொடங்கியதால் 1820களில் எழுந்த கலகம், 1859இல் சென்னை ஆளுநர் டிரெவெல்யன் திருவிதாங்கூர் அரசை நெருக்கிய பிறகே ஓய்ந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

நம் காலத்திலும் கதவுகள் மெல்லத்தான் திறக்கின்றன. தென்னிந்தியத் திருச்சபை பெண்களைக் குருவாக்க 1976இல் இசைந்தது, முதல் பெண் பேராயர் 2013இல் வந்தார். புதுக்கோட்டையில் ஷரீபா கானம் முன்னின்று பெண்களுக்கென ஒரு ஜமாஅத்தை உருவாக்கினார். ஆண்கள் மட்டும் அமர்ந்து மணவிலக்கையும் ஜீவனாம்சத்தையும் தீர்மானித்த இடத்தில், பாதிக்கப்பட்ட பெண் தானே பேச அது இடம் தந்தது. மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் 2021இல் ஒரு பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டார். காரைக்கால் அம்மையாரை நாயன்மாராக வைத்து வணங்கும் மரபில் ஒரு பெண் சன்னதியில் தேவாரம் பாடுவது செய்தியாக வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

வளசரவாக்கத்திலிருந்து ஈழத்தில் பிறந்த ஓர் உறுப்பினர்: போரில் நின்ற பெண்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். இப்போது?

சகோதரி, இப்போது பேசப்பட வேண்டியவர்கள் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் சாலையோரப் பந்தலில் அமரத் தொடங்கிய தாய்மார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் எங்கே என்று கேட்டார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள்.

அம்பத்தூரிலிருந்து பெயர் வேண்டாம் என்று ஒருவர்: அப்பாவின் வீட்டில் என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரும்படி அண்ணன் கேட்கிறார். இந்தக் கேள்வி இங்கே பொருந்துமா?

பொருந்தும் அம்மா, மிகவும் பொருந்தும். 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு என்று சட்டம் வந்தது 1989இல். இடையில் அறுபது ஆண்டுகள். அதிலும் 1989 மார்ச் 25க்கு முன்பே திருமணமானவர்களுக்கு அது பொருந்தாது என்று எழுதிவைத்தார்கள். அந்த வேறுபாட்டை 2005ஆம் ஆண்டு மத்திய அரசின் திருத்தம்தான் நீக்கியது. தந்தை சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுச் சென்ற சொத்தில் 1956 முதலே மகளுக்குச் சமபங்கு உண்டு.

என் அத்தை 1994இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தபோது நான் உடன் இருந்தேன். பத்திரத்தை அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. பெருவிரலில் ஒட்டிய மையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "அண்ணன் வீட்டு வாசல் எனக்குத் திறந்திருந்தால் போதும்" என்றார். அது தம் தந்தையின் வீடும்கூட என்று அவருக்குச் சொல்ல அன்று எனக்குத் துணிவு வரவில்லை.

உங்கள் அண்ணனுக்கு விட்டுக்கொடுக்க நீங்கள் மனமார விரும்பினால் அது உங்கள் உரிமை. ஆனால் பத்திரத்தின் நகலை முதலில் வீட்டுக்கு வாங்கி வாருங்கள். சொத்து பூர்வீகமா, அப்பாவின் சுயார்ஜிதமா என்பதை மூலப் பத்திரத்திலும் வில்லங்கச் சான்றிதழிலும் பாருங்கள். நீங்களே தேர்ந்தெடுத்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதுவரை நாள் குறிக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.