ஊட்டியிலிருந்து இறங்கினால் ஸ்டீயரிங் ஆடுகிறது: டிஸ்க்கை மாற்றுவதா, லேத் போடுவதா?

கேள்வி: ஏழு பேர் உட்காரும் டீசல் எஸ்யூவி, ஆட்டோமேட்டிக். வாங்கி நாலு வருஷம், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன மாதம் குடும்பத்தோடு ஊட்டி போய் மேட்டுப்பாளையம் வழியாக இறங்கினோம். அதிலிருந்து 80-க்கு மேல் போகும்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் கையில் ஆடுகிறது. சர்வீஸ் சென்டரில் முன்பக்க டிஸ்க் இரண்டையும் பேடுகளையும் மாற்றச் சொல்கிறார்கள். தெரிந்த மெக்கானிக்கோ, "டிஸ்க் வளைஞ்சிருக்கு, லேத்துல ஒரு புடி புடிச்சா போதும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகர், கோவை)

பதில்: டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பிரேக் மிதித்தால் பேடுகள் அதை இரண்டு பக்கமும் கவ்வும். லேத் போடுவது என்றால் அந்தத் தட்டின் முகத்தைக் கடைந்து சமப்படுத்துவது. இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். "டிஸ்க் இப்போது எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருக்கிறது?" அளந்து எண் சொல்கிறவர் பேச்சைக் கேட்கலாம். அளக்காமல் மாற்று என்பதும் ஊகம்தான், அளக்காமல் லேத் போடு என்பதும் ஊகம்தான்.

எல்லா டிஸ்க்கிலும், நடுவில் தொப்பிபோல் மேடாக இருக்கும் பகுதியிலோ வெளி விளிம்பிலோ, குறைந்தபட்சத் தடிமனைப் பொறித்திருப்பார்கள். பெரிய எஸ்யூவிகளின் முன்பக்க டிஸ்க் பலவற்றில் புதிதாக இருக்கும்போது 28 மி.மீ., தூக்கிப் போட வேண்டிய அளவு 26 மி.மீ. உங்கள் வண்டிக்கான எண்ணை உங்கள் டிஸ்க்கிலேயே படித்துக்கொள்ளுங்கள். ஆக, தேயவிடக்கூடியது மொத்தமே 2 மி.மீ.தான், ஒரு முகத்துக்கு 1 மி.மீ. இப்போது 27 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லேத்தில் ஒரு பக்கத்துக்கு 0.3 எடுத்தாலும் 26.4-க்கு வந்துவிடும். அளவுக்குள்தான் இருக்கிறது என்றாலும், அடுத்த செட் பேடு தேய்ந்து முடிவதற்குள் எல்லையைத் தாண்டிவிடும். அதோடு மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும். மலை இறங்குகிறவருக்கு அது ஆகாது.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேடு தொடாத வெளி விளிம்பில் தேயாத ஒரு வரப்பு நிற்கும். வெர்னியர் காலிப்பரை அப்படியே வைத்தால் அதன் தாடை வரப்பின்மேல் உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கைப் புதுசு என்று காட்டும். மைக்ரோமீட்டர்தான் சரி. விளிம்பிலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே, சுற்றிலும் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். மிகக் குறைந்த அளவை எல்லையோடு ஒப்பிடுவது ஒன்று, எட்டு அளவுகளுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பது இன்னொன்று. உங்கள் ஆட்டத்துக்கு இரண்டாவதுதான் முக்கியம். 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே ஸ்டீயரிங்கில் தெரிய ஆரம்பித்துவிடும்.

இனி, உங்கள் மெக்கானிக் சொல்லும் வளைவு. வார்ப்பிரும்பு டிஸ்க் அப்பளம்போல் நெளிந்துவிடுவது அபூர்வம். வழக்கமாக நடப்பது வேறு. டிஸ்க்கைப் பொருத்தும் சக்கர மையமான ஹப்பில் துருவோ அழுக்கோ இருந்தால் டிஸ்க் இம்மியளவு சாய்ந்து உட்காரும். சுற்றும்போது அதன் ஒரு பக்கம் மட்டும் பேடை உரசிக்கொண்டே போகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் அந்த இடம் தேயும், அல்லது பேடின் பொருள் அங்கே படியும். மலையில் சூடேறும்போது இந்தப் படிவு திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். வெப்பம் சுமார் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அந்தத் திட்டுக்குக் கீழே இரும்பே மாறிப்போய் சிமென்டைட் என்ற கடினப் பொருளாகிவிடும். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் அங்கங்கே நீலம் பாரித்திருக்கும். அப்படி இருந்தால் லேத் போடாதீர்கள். அந்த இடங்கள் உள்ளே ஆழமாகக் கடினப்பட்டிருக்கும். கடைந்த பிறகு மற்ற இடம் தேயும், இது தேயாது. கொஞ்ச நாளில் அதே ஆட்டம் திரும்பி வரும், லேத் காசு வீண்.

நீலம் இல்லை, விரிசல் இல்லை, மேலே சொன்ன 28-26 கணக்கில் தடிமனும் 27.3-க்கு மேல் இருக்கிறது என்றால் மெக்கானிக் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் டிஸ்க்கை வண்டியிலேயே வைத்து, இரண்டு முகத்தையும் ஒரே நேரத்தில் கடையும் மெஷின் உள்ள இடத்தில் மட்டும் செய்யுங்கள். தெருவோர லேத் பட்டறையில் ஒரு முகம் முடித்துத் திருப்பி மாட்டி அடுத்த முகம் கடைவார்கள். இரண்டு முகமும் இணையாக வராமல் போக வாய்ப்பு அதிகம். இருந்ததைவிட மோசமாகத் திரும்பி வந்த டிஸ்க்குகள் உண்டு.

நாலு வருஷம், 62,000 கிலோமீட்டர், மலைப் பயணம் இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் அளவு சர்வீஸ் சென்டர் பக்கம்தான் சாயும் என்பது என் எண்ணம். ஆனால் கையெழுத்துப் போடுமுன் இன்னொன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே சக்கரத்தில் உள்பக்கப் பேடும் வெளிப்பக்கப் பேடும் சமமாகத் தேய்ந்திருக்கின்றனவா? ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், பேடுகளை அழுத்தும் கேலிபர் நகர்வதற்கான ஸ்லைட் பின் பெரும்பாலும் இறுகியிருக்கும். பிரேக்கை விட்ட பிறகும் பேடு டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்யாமல் போடும் புது டிஸ்க்கும் இதே கதிக்குத்தான் ஆளாகும். வீல் பேரிங், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் புஷ் இரண்டையும் ஆட்டிப் பார்க்கட்டும். பிரேக் மிதிக்காதபோதும் ஆட்டம் இருந்தால் முதலில் வீல் பேலன்சிங். ஸ்டீயரிங்கில் இல்லாமல் சீட்டிலும் பெடலிலும் மட்டும் அதிர்ந்தால் பின்சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானால் இரண்டு பக்கமும் சேர்த்து, பேடுகளோடு மாற்றுங்கள். பழைய பேடைப் புது டிஸ்க்கில் போட்டால், பழைய பள்ளம் மேடெல்லாம் புது டிஸ்க்கில் பதிந்துவிடும். ஓட்டை போட்ட டிஸ்க் பார்க்கப் பகட்டாக இருக்கும். மலையில் திரும்பத் திரும்பச் சூடேறினால் அந்த ஓட்டையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். கம்பெனி டிஸ்க்கே போதும்.

பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் போட்டு உலோகம் தெரியத் தேய்க்க வேண்டும். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். கேலிபரை பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பியால் கட்டி வைக்க வேண்டும். கடைசியில் டயல் கேஜ் வைத்து டிஸ்க் ஓட்டத்தை, அதாவது சுற்றும்போது அது எவ்வளவு பக்கவாட்டில் ஆடுகிறது என்பதைப் பார்த்தால் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் டிஸ்க்கை ஒரு போல்ட் தள்ளித் திருப்பி மாட்டிப் பார்ப்பார்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வீல் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் இஷ்டத்துக்கு இறுக்கினாலும் டிஸ்க் சாயும். எதிரெதிர் நட்டாக, டார்க் ரென்ச்சால், கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள்.

பிறகு பேடைப் பதப்படுத்த வேண்டும். போக்குவரத்து இல்லாத சாலையில் 60-லிருந்து 15 வரை மிதமாக பிரேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். முழுதாக நிற்காதீர்கள். இடையில் ஆறவிட்டு எட்டுப் பத்து முறை செய்தபின், பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள்.

இனி ஊட்டிக்கு வருவோம், வேர் அங்கேதான் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். ஆளும் சாமானுமாக 2.6 டன் வண்டியை 1,900 மீட்டர் இறக்குவது சுமார் 48 மெகாஜூல் ஆற்றல். அதே வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிறுத்துவது 1 மெகாஜூல். எல்லாவற்றையும் பிரேக்கே தாங்கினால், நூறிலிருந்து 48 முறை நிறுத்தியதற்குச் சமம். ஆட்டோமேட்டிக்கை 'டி'யிலேயே விட்டு இறங்கும்போது எஞ்சின் கொஞ்சமாகத்தான் பிடித்துக்கொள்கிறது, பெரும்பாலானது டிஸ்க் தலையில் விழுகிறது.

மேனுவல் மோடுக்கு மாற்றி, செங்குத்தான இடத்தில் இரண்டிலும் மற்ற இடங்களில் மூன்றிலும் இறங்குங்கள். எஞ்சின் 3,000 சுற்று சத்தம் போட்டாலும் பயப்பட வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்றைய டீசல் எஞ்சினில் எரிபொருளே தெளிக்காது, மைலேஜும் கெடாது. கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிரேக்கை உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிட வேண்டும். நெடுக லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் டிஸ்க்கை எரிக்கும். கீழே வந்ததும் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி டீக்கடை வாசலில் நிற்காதீர்கள். சூடான பேடின் அச்சு டிஸ்க்கில் பதியும். சமதளத்தில் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி ஆறவிட்டு நிறுத்துங்கள். சக்கரத்தில் புகை வருகிறதென்று தண்ணீர் ஊற்றவே கூடாது, விரிசல் விடும்.

பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்தபின் 155-க்கு இறங்கிவிடும். கொதித்தால் ஆவி சேர்ந்து, பெடல் தரைவரை போகும். நாலு வருஷத்தில் ஒருமுறையாவது மாற்றினார்களா என்று பழைய பில்களைப் பாருங்கள். இல்லையென்றால், டிஸ்க் வேலையோடு சேர்த்து அதையும் இப்போதே செய்துவிடச் சொல்லுங்கள்.