கறுப்புத் திரையில் உங்கள் மகன் என்ன செய்கிறான்?

அம்மா, கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகன் இரவெல்லாம் கறுப்புத் திரையில் ஏதோ தட்டுகிறான், மடிக்கணினி அடுப்பாகக் கொதிக்கிறது, கேட்டால் "வீடியோ வெட்டுகிறேன்" என்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாண வீடியோ வேலைக்குப் போய்விடுவானோ என்பது உங்கள் பயம். அதுவும் நல்ல தொழில்தான். ஆனால் இவன் செய்வது வேறு.

பஸ்ஸில் கைப்பேசியில் கிரிக்கெட் பார்க்கும்போது சிக்னல் குறைந்தால் படம் சற்று மங்கும், பெரும்பாலும் நிற்காது. ஒரே வீடியோவை 1080, 720, 480, 360 என்று பல தரங்களில் தயாரித்து, சில விநாடித் துண்டுகளாக நறுக்கி வைத்திருப்பதுதான் காரணம். இணைய வேகத்தைப் பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்று பிளேயர் முடிவுசெய்கிறது. ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த எச்எல்எஸ் (HLS) என்ற வீடியோ அனுப்பும் முறை இப்படித்தான் இயங்குகிறது. அந்தத் துண்டுகளை, கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டி, எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவசக் கருவியால் உங்கள் மகன் தயாரிக்கிறான். நான்கு தரங்களுக்கும் கணக்குப் போடுவதால்தான் அந்தச் சூடு.

என் கவலை வேறு: இணையத்தில் கிடைத்த கட்டளையை அப்படியே ஒட்டுகிறானா, புரிந்து எழுதுகிறானா? இதைக் கேளுங்கள்: "எல்லாத் தரங்களிலும் கீஃப்ரேம் ஒரே இடத்தில் விழுகிறதா?" வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் படங்களின் வரிசை; அதில் மற்றப் படங்களைச் சாராமல் தனியாகவே முழுமையாக விரியும் படம் கீஃப்ரேம். தரம் மாறும்போது புதிய துண்டு அதில்தான் தொடங்க வேண்டும். விநாடிக்கு 25 படங்கள் என்றால், 50 படங்களுக்கு ஒன்று என்று வைத்தால் 6 விநாடித் துண்டில் மூன்று வரும். காட்சி மாறும் இடத்தில் கருவி தானாகவும் ஒன்றைச் செருகிவிடும். அதனால் கணக்கு பிசகும். அதை எப்படி நிறுத்துவது, ஏன் நிறுத்த வேண்டும் என்று அவன் உங்களுக்குப் புரியும்படி சொல்லிவிட்டால், நேர்காணலிலும் சொல்லிவிடுவான்.

இதைக் கற்றுத்தரப் பயிற்சி நிலையம் கேட்பதாக நீங்கள் எழுதியிருக்கும் 40,000 ரூபாயைக் கட்டாதீர்கள். இந்தக் கருவியின் ஆவணங்கள் முழுவதும் இலவசம். பட்டப்படிப்பை விடாமல் லினக்ஸ் இயங்குதளம், பைத்தான் நிரல்மொழி, கணினி வலையமைப்பு மூன்றிலும் கைதேறட்டும். இந்தக் கருவி ஒன்றை மட்டும் நம்பி வேலை தேடக் கூடாது.

இந்த வாரம் அவனே இரண்டு நிமிட வீடியோ எடுத்து, அதைத் துண்டுகளாக்கி, பிரவுசரில் ஓடவிடட்டும். பிரவுசரிலேயே இணைய வேகத்தைக் குறைத்துப் பார்க்கும் வசதி உண்டு. படம் மங்கித் தெளியும் அந்த இடத்தை, பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.