வாசகர் கேள்வி: ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வங்கியின் கடன் பிரிவுக்கு

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வயது 24. வங்கியில் கிரெடிட் அனலிஸ்ட், அதாவது கடன் மதிப்பீட்டாளர் பணியில் சேர விரும்புகிறேன். அதற்கு எம்.பி.ஏ. கட்டாயமா? ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வை இப்போதே எழுதிவிடலாம் என்று ஒரு பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பணம் கட்ட வேண்டாம். ஜே.ஏ.ஐ.ஐ.பி.யும், அதை முடித்தவர்கள் எழுதும் சி.ஏ.ஐ.ஐ.பி.யும் ஏற்கெனவே வங்கிப் பணியில் இருப்பவர்களுக்காக இந்திய வங்கியியல் மற்றும் நிதிக் கழகம் நடத்தும் தேர்வுகள். வேலையில் சேர்ந்த பிறகு அவற்றை எழுதிக்கொள்ளலாம்.

எம்.பி.ஏ. கட்டாயமா என்பது நீங்கள் நுழையும் வாசலைப் பொறுத்தது. கடன் பிரிவுக்கென்றே பொதுத்துறை வங்கிகள் தனியாக அறிவிக்கும் பணியிடங்களுக்குப் பெரும்பாலும் சி.ஏ. அல்லது நிதித்துறையில் எம்.பி.ஏ. கேட்பார்கள். ஆனால் பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். அமைப்பு நடத்தும் புரபேஷனரி ஆபீசர், அதாவது பயிற்சி அதிகாரி தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டமும், 20 முதல் 30 வரையான வயதும் போதும். அந்த வழியில் போனால் முதலில் கிளையில் எல்லா மேசைகளிலும் உட்கார வேண்டியிருக்கும். கடன் மேசை பிறகுதான் வரும். தனியார் வங்கிகளும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நிதி நிறுவனங்களும் மூன்றாவது வாசல். அங்கே உங்கள் இரண்டாண்டு அனுபவத்துக்கு நேரடியான மதிப்பு உண்டு. இப்போதே நீங்கள் விண்ணப்பிக்க வேண்டிய இடம் அதுதான் என்பது என் கருத்து.

இனி, வேலையைப் பற்றிச் சொல்கிறேன். ஆடிட்டர் அலுவலகத்தில் நீங்கள் பில்லிலிருந்து தொடங்கி, நிறுவனத்தின் சொத்தையும் கடன்களையும் காட்டும் ஐந்தொகையில் (பேலன்ஸ் ஷீட்) முடிக்கிறீர்கள். கடன் மதிப்பீட்டாளர் ஐந்தொகையைக் கையில் வாங்கிக்கொண்டு பில்லை நோக்கித் திரும்பி நடக்கிறார். உங்கள் ஊரில் போர்வை தயாரிக்கும் ஒரு நிறுவனம் நடைமுறை மூலதனக் கடன், அதாவது அன்றாடத் தொழிலை நடத்தத் தேவையான பணத்துக்கான கடன், கேட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரும் ஆண்டில் 5 கோடி ரூபாய் விற்பனை ஆகும் என்கிறார் உரிமையாளர். ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு 1992இல் பரிந்துரைத்த முறைப்படி, சிறு தொழிலுக்கு எதிர்பார்க்கும் விற்பனையில் 25 விழுக்காடு, அதாவது 1.25 கோடி, நடைமுறை மூலதனத் தேவை. அதில் 1 கோடியை வங்கி தரும்; 25 லட்சம் உரிமையாளரின் கைப்பணமாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பள்ளி மாணவன்கூடப் போட்டுவிடுவான். அந்த 5 கோடியை நம்பலாமா என்று பார்ப்பதற்குத்தான் வங்கி உங்களுக்குச் சம்பளம் தருகிறது.

ஆகவே கடந்த ஆண்டின் ஜி.எஸ்.டி. படிவங்களைக் கேட்டு வாங்குகிறீர்கள்; அவற்றில் விற்பனை 3.6 கோடிதான். ஒரே ஆண்டில் 5 கோடியை எட்டுவதற்குப் புதிய தறி வந்திருக்கிறதா, புதிய ஆர்டர் கையில் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். ஐந்தொகையில் கடனாளிகள், அதாவது சரக்கு வாங்கியவர்கள் இன்னும் தர வேண்டிய பணம், 1.5 கோடி என்றிருக்கிறது. அது ஏறத்தாழ 150 நாள் விற்பனைக்குச் சமம். உரிமையாளரோ அறுபது நாளில் பணம் வந்துவிடும் என்கிறார். அப்படியானால் யாரோ ஒரு பெரிய வியாபாரியிடம் பணம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அல்லது ஐந்தொகையிலுள்ள தொகையே சரியில்லை. மார்ச் மாதத்துக்கு வங்கியிடம் கொடுத்த சரக்கிருப்புப் பட்டியலும் மார்ச் 31ஆம் தேதி ஐந்தொகையும் வேறு வேறு தொகை சொன்னால், அதற்கும் எழுத்தில் விளக்கம் வாங்க வேண்டும்.

எல்லா ஏற்றத்தாழ்வும் தப்பு ஆகிவிடாது. மஞ்சள் வியாபாரியின் ஐந்தொகையில் மார்ச் இறுதியில் சரக்கு குவிந்து கிடப்பது இயல்பு, ஏனென்றால் புது மஞ்சள் வரத்து அந்த மாதங்களில்தான். ஈரோட்டுக்காரரான உங்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து மாற்றலாகி வரும் அதிகாரிக்குச் சொல்லித் தர வேண்டும்.

நேரில் போய்ப் பார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததே. நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கிடங்கில் முன்வரிசை மூட்டைகளை எண்ணி, ஆழத்தையும் உயரத்தையும் பெருக்கி, இருப்பு சரி என்று எழுதிக்கொண்டிருந்தேன். உடன் வந்த மூத்த அதிகாரி ஒன்றும் பேசாமல் செருப்பைக் கழற்றிவிட்டு அடுக்கின் மேல் ஏறினார். நடுவில் ஓர் அறை அளவுக்கு வெற்றிடம் இருந்தது.

இப்போது செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. உங்கள் அலுவலகத்தில் ஆடிட்டரின் அனுமதியோடு ஏதேனும் ஒரு நிறுவனத்தின் மூன்றாண்டு ஐந்தொகைகளை எடுத்து, இதற்கு நான் கடன் கொடுப்பேனா, எவ்வளவு, எந்த நிபந்தனையோடு என்று இரண்டு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் பலர் இந்த இரண்டு பக்கத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

கேள்வி: நான் மெக்கானிக்கல் என்ஜினீயர். இந்தத் துறைக்கு வர முடியுமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: முடியும். இயந்திரம் வாங்கக் கேட்கும் கடன்களில் அந்த இயந்திரத்தின் விலையும் உற்பத்தித் திறனும் பொருந்துகின்றனவா என்பதை உங்களைப் போன்றவர்கள் விரைவில் கண்டுகொள்வார்கள். கணக்குதான் குறை. தமிழ்நாடு அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அவற்றிலுள்ள கணக்குகளைக் கையால் போட்டு முடியுங்கள்.