வாசகர் கேள்வி: வலையமைப்பு டிரைவருக்குச் சான்று

கேள்வி: யூஎஸ்பியில் பொருத்தும் ஈதர்நெட் அடாப்டர் ஒன்றுக்கு நான் எழுதிய டிரைவர் (வன்பொருளை விண்டோஸுடன் இணைக்கும் மென்பொருள்), பரிசோதனைக் கையொப்பமிட்ட டிரைவர்களையும் ஏற்கும் டெஸ்ட் மோடில் உள்ள என் கணினியில் நன்றாக இயங்குகிறது. நண்பரின் புதிய மடிக்கணினியிலோ விண்டோஸ் அதனை ஏற்க மறுக்கிறது. சான்று பெறுவது எப்படி? - வாசகர், திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.

பதில்: 2016இல் வெளியான விண்டோஸ் 10இன் 1607 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்பட்டு செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டுமே கொண்டு கணினியைத் தொடங்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினிகள், மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் பெறாத புதிய கேர்னல் டிரைவர்களை (விண்டோஸின் மையப்பகுதியில் இயங்குபவை) ஏற்பதில்லை. அக்கையொப்பத்துக்கு விண்ணப்பிக்க ஈவி சான்றிதழ் (விண்ணப்பிப்பவரின் அடையாளத்தை விரிவாகச் சரிபார்த்து வழங்கும் டிஜிட்டல் சான்றிதழ்) தேவை. அது பதிவு செய்யப்பட்ட நிறுவனங்களுக்கே வழங்கப்படுவதால், முதலில் நிறுவனப் பதிவை முடித்துக்கொள்ளுங்கள்.

கையொப்பம் பெற இரு வழிகள் உண்டு. பரிசோதனை முடிவுகள் இன்றி, நீங்களே உறுதியளிக்கும் அட்டெஸ்டேஷன் முறையில் பெறலாம். ஆனால் அவ்வாறு பெற்ற டிரைவரை விண்டோஸ் அப்டேட் மூலம் பொதுமக்களுக்கு வழங்க முடியாது, விண்டோஸ் சர்வர் 2016உம் அதன் பின்வந்தவையும் அதனை ஏற்கா. மற்றையது எச்எல்கே எனும் மைக்ரோசாஃப்டின் வன்பொருள் பரிசோதனைத் தொகுப்பில் தேறுவது. கடினமாயினும் இரண்டாவதையே நான் வற்புறுத்துவேன், ஏனெனில் உங்கள் மேசையில் ஒருபோதும் தலைகாட்டாத பிழைகளை அது வெளிக்கொணர்கிறது.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். கணினி உறக்கநிலைக்குச் செல்லுமுன், விண்டோஸில் வலையமைப்பு டிரைவர்களை நிர்வகிக்கும் என்டிஐஎஸ், டிரைவரைத் தற்காலிகமாக நிறுத்தும்படி கேட்கும். டிரைவர் வலையமைப்பிலிருந்து பெற்று விண்டோஸின் மேல் அடுக்குகளுக்கு அனுப்பிய தரவுப் பொதிகள் யாவும் திரும்பி வந்த பின்னரே டிரைவர் 'நின்றுவிட்டேன்' என அறிவிக்க வேண்டும். நான் எழுதிய டிரைவரில், பிழை நேர்ந்தால் மட்டும் செல்லும் நிரலின் ஒரு கிளையில், இன்னும் திரும்பாத பொதிகளின் எண்ணிக்கையைக் குறைக்க மறந்திருந்தேன். அந்த எண்ணிக்கை 1இலேயே நிற்க, கணினி உறங்காமல் விறைத்துப்போனது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாட்கள் சென்றன. நாளாந்தப் பாவனையில் அந்தக் கிளைக்குள் ஒருமுறைகூட நான் போனதில்லை.

ஆகவே சான்றிதழுக்குப் பணம் கட்டுமுன், டிரைவர்களின் தவறுகளைக் கண்டறிய விண்டோஸிலேயே உள்ள டிரைவர் வெரிஃபையரை உங்கள் டிரைவர் மீது இயக்கி, பெரிய கோப்பொன்றை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே கணினியைத் திரும்பத் திரும்ப உறங்கவைத்து எழுப்பிப் பாருங்கள். அனுப்புகையில் அடாப்டரைப் பிடுங்கியும் பாருங்கள். எச்எல்கேக்குக் கட்டுப்பாட்டுக் கணினி ஒன்றும், பரிசோதிக்கப்படும் கணினியும், வலையமைப்புப் பரிசோதனைகளில் அதனுடன் பொதி பரிமாறும் துணைக் கணினியும் வேண்டும். பரிசோதனைகள் மணிக்கணக்கில் நீள்வதால், இடையில் மின்சாரம் நின்றாலும் தொடரக்கூடியவாறு அக்கணினிகளை யூபிஎஸ்ஸில் இணைத்துவிடுங்கள்.