ஸ்கேட்ஸ் வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. தருமபுரியில் புதிதாகத் தொடங்கிய ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். பேட்சில் உள்ள எல்லாக் குழந்தைகளும் தம்மிடமே 6,500 ரூபாய்க்கு முழு செட் வாங்க வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்கிறார். இணையத்தில் அதே தோற்றத்தில் 1,600 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எதை வாங்குவது? (ஒரு தாய், தருமபுரி)

பதில்: அம்மா, இரண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். முதலில் பயிற்சியாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: மகளைக் குவாடில் பழக்கப் போகிறாரா, இன்லைனிலா? முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு எனச் சக்கரங்கள் இருப்பது குவாட்; எல்லாச் சக்கரங்களும் ஒரே வரிசையில் இருப்பது இன்லைன். இந்த இன்லைனைத்தான் பலர் ரோலர் பிளேடு என்கிறார்கள். இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பு நடத்தும் வேகப் போட்டிகளில் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உள்ளன. ஒன்றில் பழகிவிட்டு ஆறு மாதத்தில் மற்றதற்கு மாற நேர்ந்தால் முதலில் கொடுத்த பணம் வீண்தான்.

இனி அந்த 1,600 ரூபாய்ப் பெட்டிக்கு வருகிறேன். தோற்றம் ஒன்றாக இருக்கலாம், சக்கரம் ஒன்றல்ல. மலிவு செட்டுகளில் பெரும்பாலும் பிவிசி சக்கரம்தான் இருக்கும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தால் கல்போல இருக்கும். தரையில் உருட்டினால் கடகடவென்று சத்தம் வரும். பாலியூரித்தேன் சக்கரம் நகத்துக்குச் சற்றே இடங்கொடுக்கும், தரையைப் பற்றிக்கொள்ளும். நம் பகுதியில் குழந்தைகள் பழகுவது பெரும்பாலும் மண்டப முற்றங்களிலும் பள்ளி வளாகங்களிலும்தான் என்பதையும், அங்கே பாதி இடத்தில் வழவழப்பான கிரானைட் பதித்திருப்பதையும் நினைத்துப் பாருங்கள். அந்தத் தரையில் பிவிசி சக்கரம் வழுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சென்ற மாதம் ஒரு கல்யாண மண்டபத்தின் முற்றத்தில் காலை ஆறரை மணிப் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டுமே அந்த இடம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. மலிவு ஸ்கேட்ஸ் அணிந்த ஒரு சிறுவனுக்கு இரண்டு கணுக்கால்களும் உள்பக்கம் சாய்ந்திருந்தன. சக்கரங்களின் உள்விளிம்பு மட்டுமே தரையில் பட்டது. பையனுக்குப் பயம் அதிகம் என்று அவன் தந்தை வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற சிறுமி ஒருத்தியின் ஸ்கேட்ஸ் அவனுக்குப் பொருந்தியதால் அதைப் போட்டுவிட்டார்கள். கணுக்காலை இறுகப் பிடிக்கும் அந்தக் காலணியில் அதே சிறுவன் முற்றத்தை இரண்டு முறை விழாமல் சுற்றி வந்தான். இந்த விளையாட்டை நம் ஊரில் பாதியிலேயே விட்டுப்போகும் குழந்தைகளில் எத்தனை பேரைக் காலணி விரட்டியிருக்கும் என்ற எண்ணம் அன்று முழுவதும் என்னை விடவில்லை.

அளவைச் சரியாக எடுப்பது பாதி வேலை. சுவரோடு குதிகாலை ஒட்டி மகளைக் காகிதத்தின்மேல் நிற்கச் சொல்லி, மிக நீண்ட விரலின் நுனியில் பென்சிலால் கோடிட்டு, சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். இரண்டு கால்களையும் அளந்து பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பு எண்ணை நம்ப வேண்டாம். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி லேசாக முன்பக்கம் தொட்டு, முழங்காலை மடக்கியதும் விலகினால் அளவு சரி. வளரும் பிள்ளையாயிற்றே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கினால் அந்தக் காலணிக்குள் கால் நீந்தும். மூன்று நான்கு அளவுகளுக்கு நீட்டிக்கொள்ளக்கூடிய ஸ்கேட்ஸ் கிடைக்கிறது. ஒன்பது வயதுக்கு அது போதும்.

இன்லைன் என்றால் சக்கரம் 70 முதல் 80 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 1,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற பிறகு, அவர் அணிவதுபோன்ற பெரிய சக்கரமே தங்கள் பிள்ளைக்கும் வேண்டும் என்று கேட்கும் பெற்றோரைப் பார்க்கிறேன். அந்த ஆசை எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் பெரிய சக்கரம் என்றால் தரையிலிருந்து உயரமும் கூடும், வேகமும் கூடும். நிற்கவே பழகாத குழந்தைக்கு இரண்டும் ஆபத்து.

பயிற்சியாளரின் 6,500 ரூபாய் நியாயமாகவும் இருக்கலாம். எல்லோரும் ஒரே வகை வைத்திருந்தால் உதிரிபாகம் மாற்றுவது அவருக்கு எளிது. ஆகவே அவரோடு சண்டை வேண்டாம். காலணி, ஹெல்மெட், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை போட்ட பில்லைக் கேளுங்கள். பில் தர மறுத்தால், அதே தரத்தில் வேறிடத்தில் வாங்கி வர அனுமதிக்கும்படி மற்றப் பெற்றோருடன் சேர்ந்து கேளுங்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் குழந்தைக்கு மாட்டிவிட வேண்டாம்; அதன் எடையைச் சிறு கழுத்து தாங்காது. இஎன் 1078 என்ற குறியீடு உள்ள ஹெல்மெட்டைத் தேடுங்கள். அந்தத் தரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஸ்கேட்டிங் செய்பவர்களுக்கும் என்றே வகுக்கப்பட்டது.

கேள்வி: பெட்டியில் "ஏபெக் 9" என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். கூடுதலாக 800 ரூபாய் கொடுக்கலாமா? (கிருஷ்ணகிரி)

பதில்: வேண்டாம். அந்த எண், சக்கரத்துக்குள் இருந்து அதைச் சுழலவைக்கும் பேரிங்கின் அளவுத் துல்லியத்தை மட்டுமே குறிக்கிறது. இரும்பின் தரத்தையோ உழைப்பையோ சொல்வதில்லை. அந்தப் பணத்தை நல்ல மணிக்கட்டுக் காப்புக்குச் செலவிடுங்கள். விழும்போது எவரும் முதலில் கையைத்தான் ஊன்றுகிறோம்.

கேள்வி: கடையில் 2,400 ரூபாய்க்கு மகனுக்கு ஸ்கேட்ஸ் வாங்கினேன். ஐந்தாம் நாளே சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டம் விரிசல் விட்டுவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று துண்டுச் சீட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். முறையான பில்லும் தரவில்லை. (பாலக்கோடு)

பதில்: ஐயா, அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமல் விற்பதையும், குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் முறையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுத்திருக்கிறது. ஐந்து நாள்தான் ஆகியிருக்கிறது என்பதால் தாமதிக்காதீர்கள். விரிசலைப் பல கோணங்களில் படமெடுத்து, துண்டுச் சீட்டோடும் பணம் செலுத்திய விவரத்தோடும் கடைக்காரருக்கு எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்குங்கள். கையொப்பமிட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வெளியூர்க் கடையிலோ இணையத்திலோ வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: அளவு பொருந்தாதது குறைபாடு ஆகாது. அதற்கு விற்பவர் அறிவித்த மாற்றல் விதிதான் பொருந்தும். மாற்றித் தரும் வாய்ப்பு உண்டா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கேள்வி: ஓசூரில் வேலை பார்க்கும் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு காலைகளில் ஸ்கேட்டிங் செய்கிறோம். கெலமங்கலம் பக்கத்துக் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்றுத்தர ஆசை. 40,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. புதிய மலிவு செட்டுகள் இருபத்தைந்து வாங்கலாமா, பெங்களூரில் பழையவை வாங்கலாமா? (ஓசூர்)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அவ்வளவு மகிழ்ச்சி. பழையவற்றையே வாங்குங்கள், குறைவாக வாங்குங்கள். இருபத்தைந்து மோசமான ஜோடிகள் ஒரு பருவத்தில் குப்பைக்குப் போகும். நல்ல நிலையில் உள்ள பத்து பன்னிரண்டு ஜோடிகள் போதும். பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்தினால் நாற்பது பேருக்குக்கூடக் கற்றுத்தர முடியும், அவை பல ஆண்டு உழைக்கவும் செய்யும். பிள்ளையின் கால் வளர்ந்ததால் ஒரே வருடத்தில் ஓரங்கட்டப்பட்ட நல்ல ஸ்கேட்ஸ் பெங்களூர் வீடுகளில் நிறையவே இருக்கும்.

வாங்கும்போது அவசரம் வேண்டாம். சக்கரங்களைத் தாங்கும் சட்டம் அலுமினியமாக இருக்க வேண்டும். திருகு இறங்கும் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சக்கரத்தில் 80 என்று அச்சிட்டிருந்தால் அளவுகோல் வைத்து அளந்து பாருங்கள். 74-க்குக் கீழே தேய்ந்திருந்தால் புதுச் சக்கரத்தின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கழற்றித் திருப்பி மாட்டலாம். பல ஆண்டு அலமாரியில் கிடந்த காலணியின் உள்மெத்தை விரலில் பொடிப்பொடியாக உதிர்ந்தால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள்.

பேரிங் துருப்பிடித்திருந்தால் கவலை வேண்டாம். ஸ்கேட்ஸில் வருவது பெரும்பாலும் 608 என்ற பொது அளவு: உள்துளை 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மில்லிமீட்டர். தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரில் பேரிங் கடைக்குப் பஞ்சமில்லை; எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள். சக்கரத்துக்கு இரண்டு வீதம், காலுக்கு நான்கு சக்கரம் உள்ள ஜோடிக்குப் பதினாறு வேண்டும். நம் பக்கத்துப் புழுதிக்கு, இருபுறமும் ரப்பர் மூடி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

ஹெல்மெட்டை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. ஒருமுறை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டின் உள்நுரை நசுங்கியிருப்பது வெளியில் தெரியாது. அடுத்த அடியை அது தாங்காது. ஆகவே தொகையில் ஒரு பகுதியை முதலிலேயே புது ஹெல்மெட்டுகளுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியில் காலணி வாங்குங்கள். கிராமத்தில் முதல் வகுப்பு நடத்தும் முன்பு பிள்ளைகளின் கால்களை அளந்து பட்டியல் எடுத்துவிட்டுப் பெங்களூர் போனால், கண்ணில் பட்டதை அள்ளிக்கொண்டு வர நேராது. ஒவ்வொரு ஜோடியின் குதிகாலிலும் அழியாத மையில் சென்டிமீட்டர் அளவை எழுதி வைத்துவிடுங்கள். அடுத்து வரும் பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.