அவர் மனை விற்கப் போகிறார், கவுண்டர் என் தலையில்

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில், ஒரு சிறிய துணை அஞ்சலகத்தில் போஸ்டல் அசிஸ்டென்டாக 7 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். போஸ்ட்மாஸ்டரைத் தவிர நாங்கள் இருவர்தான். உடன் பணிபுரிபவர் 24 ஆண்டு சர்வீஸ் உள்ளவர். நான் புதிதாகச் சேர்ந்தபோது வேலை கற்றுக் கொடுத்தவர் என்பதால் இன்றும் ‘அண்ணே’ என்றுதான் அழைக்கிறேன். சில காலமாக மனைவியின் பெயரில் வீட்டுமனைத் தரகு செய்கிறார். காலைக் கூட்டம் குறைந்ததும், “சைட் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன்” என்று கிளம்பினால் மூன்று மணிக்குத்தான் திரும்புவார். சேமிப்பு வங்கி, விரைவுத் தபால், பார்சல் எல்லாம் என் தலையில். தன்னுடைய ஐ.டி.யின் பாஸ்வேர்டை எனக்கு எழுதிக் கொடுத்து, தன் கவுண்டர் வேலையை அதிலேயே போடச் சொல்கிறார். இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. டெபாசிட் முதிர்ந்து பணம் வாங்க வரும் பெரியவர்களிடம், “மறுபடியும் இங்கே போடாதீர்கள், ஒரு மனை வாங்கிப் போடுங்கள்” என்று கவுண்டரிலேயே பேசுகிறார். போஸ்ட்மாஸ்டருக்கு எல்லாம் தெரியும். அடுத்த ஆண்டு ஓய்வு பெறப் போகிறவர் என்பதால் வம்பு வேண்டாம் என்கிறார். அண்ணனின் மகன் தனியார் கல்லூரியில் மருத்துவம் படிக்கிறான். வீட்டில் கடன் இருக்கிறது. மேலிடத்தில் சொன்னால், ஒரு மனிதரின் பிழைப்பில் மண் அள்ளிப் போட்ட பழி எனக்கு வரும். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று பிரச்சினைகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. அவருடைய மனைத் தரகை நீங்கள் பெரிய பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். பாஸ்வேர்டைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் உங்கள் வேலைக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இன்னொருவர் ஐ.டி.யில் நீங்கள் ஒரு பரிவர்த்தனையைப் பதிவு செய்தால், அந்த நேரத்தில் அவர் இருக்கையில் இருந்தார் என்று கணினி சாட்சி சொல்கிறது. அந்தப் பொய்ச் சாட்சியை உருவாக்கியவர் நீங்கள். கவுண்டரில் இருப்பவர் பதிவதை மேலதிகாரி தன் ஐ.டி.யில் சரிபார்த்து முடிக்கும் முறையை வைத்திருப்பதே, ஒவ்வொரு ரூபாய்க்கும் இன்னார் பொறுப்பு என்று பின்னால் சொல்ல முடிய வேண்டும் என்பதற்காகத்தான். நாளைக்கே ஒரு பாஸ்புக்கில் தொகை இடித்தால், ஒரு பாட்டி வந்து தன் கையெழுத்து அது இல்லை என்றால், அண்ணன் சைட்டில் இருந்தார் என்பதை நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்? நிரூபித்தாலும், “அப்படியானால் அந்தப் பதிவைப் போட்டது யார்?” என்ற அடுத்த கேள்வி உங்களை நோக்கித்தான் வரும்.

கோட்ட அலுவலகத்தில் விசாரணைக் கோப்புகளோடு பல காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். நம் துறையில் ஒரு மோசடி வெளிப்பட்டால், பணத்தை எடுத்தவரோடு விசாரணை நிற்பதில்லை. அது நடக்க இடம் கொடுத்தவர்கள் என்று ‘சப்சிடியரி அஃபெண்டர்’ பட்டியல் ஒன்று தயாராகும். பத்துப் பைசா எடுக்காத எழுத்தர்களுக்கும், தங்கள் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தது என்று, சிறு தண்டனைகளுக்கான ‘ரூல் 16’ சார்ஜ்ஷீட் வரும். 1965ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி ஒழுங்கு நடவடிக்கை விதிகளில், 11ஆவது விதி சம்பளத்திலிருந்து இழப்பை மீட்பதையும் ஒரு தண்டனையாகவே வைத்திருக்கிறது. நல்ல மனத்தோடு பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டவர்கள் மாதா மாதம் சம்பளத்தில் பிடித்தம் கட்டியதை நான் கோப்புகளில் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இதற்கு நாள் பார்க்க வேண்டாம். அந்தத் துண்டுத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “அண்ணே, இனிமேல் உங்கள் ஐ.டி.யில் நான் எதுவும் போட மாட்டேன். உங்கள் கவுண்டரையும் நான் பார்க்க வேண்டியிருந்தால், நீங்கள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். போஸ்ட்மாஸ்டர் எழுதிக் கொடுக்கட்டும், என் ஐ.டி.யில் பார்க்கிறேன்.” மனையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவருடைய வருமானத்தை நீங்கள் கேள்வி கேட்பதாக அவருக்குத் தோன்றினால், பேச்சு கோபத்தில் முடியும். உங்கள் கையை நீங்கள் காப்பாற்றிக்கொள்வதாக இருந்தால் மறுத்துப் பேச அவருக்கு இடமில்லை. அவருடைய மேசை ரொக்கத்தை அவசரத்துக்குக்கூட ஹேண்ட் டு ஹேண்ட் ரசீது (பணம் கை மாறும்போது எழுதி வாங்கும் சீட்டு) இல்லாமல் தொடாதீர்கள். ‘நமக்குள் என்ன ரசீது’ என்று அவர் சிரித்தாலும் எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, வேலைச் சுமை. உங்கள் அலுவலகத்துக்கென்று கோட்டம் அனுமதித்த வேலைப் பகிர்வு மெமோ ஒன்று போஸ்ட்மாஸ்டரிடம் இருக்கும். யாருக்கு எந்தக் கவுண்டர், எந்த நேரம், எந்தப் பதிவேடு என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். பல எழுத்தர்கள் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கேட்டு வாங்கிப் படியுங்கள். பிறகு, மெமோவின்படி உங்களுக்கு உரிய வேலைக்கு மேல், பகலில் இன்னொரு கவுண்டரையும் பார்க்க நேர்வதையும், அதனால் வரிசை நீள்வதையும், கணக்கு முடிக்கத் தாமதமாவதையும் தேதியோடு குறிப்பிட்டு, போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். யார் எங்கே போகிறார் என்று எழுத வேண்டியதில்லை. வாய்மொழியாகச் சொன்னதை, ஓய்வை எதிர்நோக்கும் ஓர் அதிகாரி காதில் வாங்காமல் இருந்துவிடலாம். எழுத்தில் வந்ததை அப்படி விட முடியாது, ஏனென்றால் அடுத்த ஆய்வின்போது அந்தக் காகிதம் கோப்பில் இருக்கும், ஓய்வு பெறும் நேரத்தில் பெரும் தண்டனைக்கான ஒரு சார்ஜ்ஷீட் நிலுவையில் நின்றால் பணிக்கொடையே நிறுத்திவைக்கப்படும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

இனி அந்தத் தரகு. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில், 15ஆவது விதி அரசின் முன் அனுமதி இல்லாமல் ஊழியர் தொழிலோ வியாபாரமோ வேறு வேலையோ செய்வதைத் தடுக்கிறது. மனைவி பெயரில் இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்பது நம் அலுவலகங்களில் பரவலாக இருக்கும் நம்பிக்கை. ஆனால் குடும்பத்தினர் நடத்தும் காப்பீட்டு முகமை, தரகு முகமை போன்றவற்றுக்கு ஊழியர் ஆள் பிடிப்பதையும் அதே விதி பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் வியாபாரம் செய்தால் அதைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிகளுக்கும், ஊதியமில்லாத சமூகத் தொண்டு போன்ற சிலவற்றுக்கும் மட்டும் விதியே இடம் விடுகிறது.

இருந்தாலும், ஒரு மனிதர் ஞாயிற்றுக்கிழமை யாருக்கோ மனை காட்டினார் என்பதற்காக உங்களைப் புகார் எழுதச் சொல்ல மாட்டேன். அதைக் கவனிக்க வேண்டியது துறை. சக ஊழியரின் வீட்டு வருமானத்தை வேவு பார்ப்பது உங்கள் கடமை அல்ல. அவர் கவுண்டரில் உட்கார்ந்து, முதிர்ந்த டெபாசிட்டைக் கையில் வாங்கும் பெரியவரிடம் மனை விற்பது அப்படிப்பட்டதல்ல. அந்த முதியவர் எதிரில் இருப்பவரைத் தரகராகப் பார்க்கவில்லை, தபால்காரராகப் பார்க்கிறார். எத்தனை தொகை கையில் இருக்கிறது, எப்போது முதிர்கிறது, பிள்ளைகள் உடன் இருக்கிறார்களா என்பதெல்லாம் நம் பதிவேட்டின் மூலம் நமக்குத் தெரிந்தவை. அந்தத் தகவலை வைத்துத் தரகு பார்ப்பது, மக்கள் தபால் ஆபீஸ் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையைக் காசாக்குவது. மனையின் பட்டாவிலோ அங்கீகாரத்திலோ சிக்கல் இருந்து அந்தப் பணம் முடங்கினால், அந்தக் குடும்பம் உங்கள் ஜன்னலுக்கு முன்னால்தான் வந்து நிற்கும். இதில் மட்டும் நீங்கள் மௌனமாக இருக்கக் கூடாது.

முதலில் அவரிடமே, தனியாக, ஒரு முறை சொல்லுங்கள்: “அண்ணே, டெபாசிட்காரர்களிடம் மனை பேச வேண்டாம். அடுத்த தடவை என் காதில் விழுந்தால் நான் எழுதித்தான் கொடுப்பேன்.” பிறகும் தொடர்ந்தால், நீங்கள் நேரில் கேட்டதையும் பார்த்ததையும் மட்டும், நாளும் நேரமும் குறிப்பிட்டு, போஸ்ட்மாஸ்டர் வழியாகக் கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்ற எதையும் சேர்க்காதீர்கள். மொட்டைக் கடுதாசி எழுதும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பெயரில்லாத புகார்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999லேயே உத்தரவிட்டிருக்கிறது. மேலும், இருவர் மட்டும் இருக்கும் ஆபீஸிலிருந்து பெயரில்லாமல் கடிதம் போனால், எழுதியது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே வராது. சங்கச் செயலாளரை நடுவில் வைத்துப் பேசலாம். பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் எந்தச் சமரசத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பழி என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு வழியே இல்லை என்றால் உங்கள் தயக்கம் எனக்கும் இருக்கும். 24 ஆண்டு சர்வீஸ் உள்ளவர் 2004க்கு முன் பணியில் சேர்ந்தவர், அதனால் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர். பிள்ளையின் உயர்கல்விக்காக ஜி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கிலிருந்து அவர் பணம் எடுக்க முடியும். மனைத் தொழிலில்தான் எதிர்காலம் என்று அவர் உறுதியாக நினைத்தால், 20 ஆண்டுத் தகுதிப் பணி முடித்தவர் என்ற முறையில் 3 மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெறலாம். ஓய்வூதியத்தோடு, தலைநிமிர்ந்து, முறையாகப் பதிவு செய்துகொண்ட தரகராக அந்தத் தொழிலை அவர் செய்யட்டும். இந்த இரண்டையும் நீங்கள் அவரிடம் எடுத்துச் சொல்லலாம். வேலை கற்றுக் கொடுத்தவருக்குச் செய்யும் நன்றி அதுதான். இதைச் சொன்ன பிறகும் அவர் மாறாவிட்டால், அதன் விளைவு அவருடைய முடிவால் வருவது; உங்கள் கடிதத்தால் வருவது அல்ல.

கேள்வி: கிளை அஞ்சலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருக்கும் கிராமின் டாக் சேவக் (கிராமத் தபால் பணிக்கான பகுதி நேர ஊழியர்) நான். அஞ்சலகம் என் வீட்டில்தான் இயங்குகிறது. வேலை நேரம் போக, அதே வீட்டில் தையல் கடை நடத்துகிறேன். அரசு வேலையில் இருந்துகொண்டு கடை வைப்பது குற்றம், புகார் கொடுத்தால் வேலை போய்விடும் என்று ஊரில் ஒருவர் மிரட்டுகிறார். கடையை மூட வேண்டுமா?

– ஒரு வாசகி, டெல்டா மாவட்டம்

பதில்: மூட வேண்டாம். மேலே சொன்ன 15ஆவது விதி முழுநேர ஊழியர்களுக்கு உரியது. நீங்கள் அந்த வரம்புக்குள் வரவில்லை. உங்களுக்கு உள்ளது 2020ஆம் ஆண்டின் கிராமின் டாக் சேவக் நடத்தை மற்றும் பணியமர்த்தல் விதிகள். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் உங்களிடம் வேலை வாங்கக் கூடாது என்றும், இந்த வேலைக்குக் கிடைக்கும் படியை மட்டும் நம்பாமல் குடும்பத்தை நடத்த வேறு வருமானம் உங்களுக்கு இருக்க வேண்டும் என்றும் அந்த விதிகளே சொல்கின்றன. தையல் கடை அந்த நிபந்தனையைத்தான் நிறைவேற்றுகிறது. தபால் துறையின் தொழிலுக்கும் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்கின் தொழிலுக்கும் பாதகமாக வெளி நிறுவனம் எதற்கும் வேலை செய்யக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வேறு காப்பீட்டு நிறுவனத்துக்கு முகவராகும் யோசனை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

அலுவலகமும் கடையும் ஒரே வீட்டில் இருப்பதால் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. கிளை அஞ்சலக நேரத்தில் தையல் இயந்திரம் ஓடக் கூடாது; ஆர்.டி. கட்ட வந்தவர் ஜாக்கெட் முடியும்வரை திண்ணையில் காத்திருந்தால், மிரட்டுபவருக்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும். தையல் கூலியும் அஞ்சலகப் பணமும் ஒருபோதும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. ஆய்வுக்கு வருபவர் கையிருப்பை எண்ணும்போது 50 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதற்கு நீங்கள் விளக்கம் எழுத வேண்டிவரும். பணியில் சேரும்போது, வாழ்வாதாரம் பற்றி ஓர் உறுதிமொழி கொடுத்திருப்பீர்கள். அதன் நகல் கையில் இல்லையென்றால், உட்கோட்ட ஆய்வாளர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.