தெருநாய்க்குச் சோறு, தெரியாதவருக்கு உதவி: இதனாலெல்லாம் என்ன மாறிவிடும்?

கேள்வி இதுதான்: "விலங்குகளிடமும் முன்பின் தெரியாதவர்களிடமும் காட்டும் இரக்கத்தால் உண்மையிலேயே ஏதாவது மாறுகிறதா? இல்லை, நம் மனத்திருப்திக்காகச் செய்துகொள்வதா? நான் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன், எங்கே தொடங்கலாம்?"

மாறுகிறது. ஆனால் இரக்கம் மட்டும் இருந்தால் பெரிதாக எதுவும் மாறுவதில்லை என்பது என் அனுபவம். ஓரளவு இரக்கம் எல்லாரிடமும் இருக்கத்தான் செய்கிறது. அதற்கு ஒரு இடம், ஒரு நேரம், ஒரு ஏற்பாடு அமைந்துவிட்டால் தெருவே மாறும். அமையாவிட்டால் அது அன்றைக்கு வந்து அன்றைக்கே போய்விடும்.

முதலில் நாய் விஷயம். இப்போது எங்கே பார்த்தாலும் சண்டை அதில்தான்.

தாம்பரம் பக்கம் எங்கள் தெருமுனையில் ஒரு அக்கா இட்லிக்கடை வைத்திருக்கிறார். கடை மூடியபிறகு மிஞ்சிய சோற்றை நாய்களுக்கு வைப்பார். எதிர்வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு சார். நாய் என்றாலே அவருக்கு ஆகாது. "ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா? நீ சோறு போட்டுப் போட்டுத்தான் இதுங்க பெருகுது" என்பார். அக்காவும் சளைக்காமல், "நான் போடலைன்னா உங்க வீட்டுக் குப்பையைத்தான் சார் உருட்டும்" என்பார். இது பல நாள் நடந்த கச்சேரி.

ஒருநாள் கருத்தடைக்காக நாய் பிடிக்கிற வண்டி வந்தது. வலையைப் பார்த்ததும் பக்கத்துத் தெரு நாய்கள் எல்லாம் காலி மனைக்குள் புகுந்துகொண்டன. அரை நாள் துரத்தியும் கைக்குச் சிக்கியவை ஒன்றிரண்டுதான். எங்கள் தெருவில் கதை வேறு. அக்கா தட்டைத் தட்டிக் கூப்பிட்டார், வந்தன. ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தடவிக்கொண்டே பிடித்துக் கொடுத்தார். எது பெண், எது போன மாதம் குட்டி போட்டது, எது புதிதாக வந்தது என்று எல்லாவற்றையும் அவரே சொன்னார். அடுத்த வாரம் காது நுனியில் சின்ன வெட்டோடு திரும்பி வந்தன. கருத்தடை ஆனதற்கு அதுதான் அடையாளம். வெறிநோய்த் தடுப்பூசியும் அப்போதே போட்டுவிடுவார்கள்.

இதில் சோறு போட்டது எங்கே உதவியது என்று பாருங்கள். மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் ஏறக்குறைய எல்லாமே நாய்க்கடியால் வருவதுதான். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கே நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சரி, அந்த 70 சதவீதத்தை யார் பிடித்துக் கொடுப்பது? கல்லெறி வாங்கிப் பழகிய நாய் மனிதக் கையைக் கண்டால் ஓடும், அல்லது கடிக்கும். தினமும் ஒரே கையால் சோறு தின்கிற நாய்தான் ஊசிக்கு நிற்கும். நாயைப் பிடிக்காத அந்த ரயில்வே சாரின் பேரனுக்கும் அக்காவின் சோறு ஒரு பாதுகாப்புதான்.

சார் மனம் மாறி நாய்க்குப் பிஸ்கட் வாங்கிப் போட்டார் என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு இன்றும் நாய் பிடிக்காது. ஆனால் போன மழைக்காலத்தில் காதில் வெட்டு இல்லாத ஒரு புது நாய் தெருவுக்குள் வந்தபோது, முதலில் பார்த்து அக்காவிடம் சொன்னவர் அவர்தான். எனக்கு அது போதும். எல்லாரும் நாய்ப் பிரியராக வேண்டியதில்லை.

பிடித்த நாய்களை ஏன் திரும்பவும் அதே இடத்தில் விட வேண்டும், எங்காவது கொண்டுபோய் அடைக்கக் கூடாதா என்று கேட்பார்கள். குப்பையும் மிச்சமும் கிடைக்கிற இடம் காலியாக இருக்காது. ஊசி போட்ட நாய்கள் போனால், போடாத வேறு நாய்கள் வந்து உட்காரும். 2023-ஆம் ஆண்டு வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளும் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே மாதம் 22-ஆம் தேதி அதைத் திருத்தியது. வெறிபிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் முடித்துத் திரும்ப விடலாம், உணவு வைப்பதற்கென்று தனி இடங்களை உள்ளாட்சி அமைப்புகள் ஒதுக்க வேண்டும் என்றது. பிறகு நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் இருந்து பிடிப்பவற்றை மட்டும் திரும்ப அங்கே விடக் கூடாது என்று சொல்லிவிட்டது. குழந்தைகள் கடிபட்டிருக்கிறார்கள் என்பதால் அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் சோறு வைப்பவரைத் தெருவின் எதிரியாக்கிவிட்டால், ஊசி போடும்போது நமக்கு உதவ ஆள் இருக்காது.

தனி ஆள் செய்வதை விட்டு ஊரே சேர்ந்து செய்வதற்கு வருவோம். இதற்கு நம் பக்கத்தில் அருமையான உதாரணங்கள் இருக்கின்றன.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். பெரிதாக ஒன்றுமில்லை, சில கண்மாய்கள்தான். சரணாலயமாக அறிவித்தது 1977-இல். கொள்ளுக்குடிப்பட்டியும் வேட்டங்குடிப்பட்டியும் அதை ஒட்டிய ஊர்கள். வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் காலமும், உள்ளூர் நாரைகள் கூடு கட்டும் காலமும், தீபாவளியும் ஒன்றாக வந்துவிடும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகப் பட்டாசே வெடிப்பதில்லை. கல்யாணம், கோயில் திருவிழாவுக்கும் வேட்டு கிடையாது. தீபாவளிக்கு வனத்துறையினர் இனிப்பு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். புதுத்துணி போட்டுக்கொண்டு ஒரு ஓலைவெடிகூட இல்லாமல் இருக்கிற பையன்களை நினைத்துப் பாருங்கள்! ஒரு வருஷம் செய்தால் தியாகம் என்று பேசுவோம். அங்கே பேச்சே கிடையாது, அது ஊர்ப் பழக்கம்.

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் சங்குவளை நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சமும் மீன் கவிச்சியும் எப்படி நாறும் என்று யோசியுங்கள். ஆனாலும் விரட்டுவதில்லை. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து, பறக்கிற வரைக்கும் வளர்த்து விடுகிறார்கள்.

"அதெல்லாம் உரத்துக்காக" என்று உடனே ஒருவர் வருவார். உண்மைதான், மறைக்க என்ன இருக்கிறது? பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலைக் கூந்தன்குளத்தார் வயலுக்கு அள்ளிப் போடுகிறார்கள். வேடந்தாங்கலில் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில் விளைச்சல் நன்றாக இருக்கும் என்பதை அந்த விவசாயிகள் இருநூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது நேரே கலெக்டரிடம் போய் நின்று, 1798-இல் பாதுகாப்பு உரிமையை எழுதி வாங்கினார்கள். இரக்கமா, லாபமா என்று பிரித்துப் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை. இரண்டும் சேர்ந்ததால்தான் அது இத்தனை தலைமுறை தாங்கியிருக்கிறது.

லாபமே இல்லாத உதாரணம்தான் வேண்டுமா? 2020-இல், ஊரடங்குக் காலம். அதே சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்ற ஊர். தெருவிளக்கு சுவிட்ச் இருக்கும் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. குஞ்சு பொரித்துப் பறக்கும் வரை ஊரார் ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கைப் போடவே இல்லை. இருட்டில் செல்போன் வெளிச்சத்தில் நடந்தார்கள்.

தெரியாத மனிதர்களுக்கு உதவும் விஷயத்திலும் பழைய காலத்து ஆட்கள் ஏற்பாட்டைத்தான் நம்பினார்கள். கிராமத்து ரோட்டோரத்தில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு தனியாக நடப்பவருக்குச் சுமையை இறக்குவதே பெரும்பாடு. இறக்கினாலும் திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். நெஞ்சு உயரத்தில் கல் இருந்தால் யார் தயவும் இல்லாமல் இறக்கி வைத்து, ஆறிவிட்டு, திரும்பத் தலையில் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளை பெறாமலே இறந்துபோன கர்ப்பிணிகளின் நினைவாகப் பெரும்பாலும் இதை நட்டார்கள். அருகிலேயே மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சிக் கல், குடிக்கத் தண்ணீர்த் தொட்டி. யாழ்ப்பாணத்துப் பழைய சாலைகளிலும் மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக் கல் எல்லாம் ஒரே இடத்தில் இருந்திருக்கின்றன. வழிப்போக்கரையும் மாட்டையும் ஒரே கணக்கில் சேர்த்து யோசித்தவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்றைய சுமை ரோட்டு விபத்து. விழுப்புரம் தாண்டி நெடுஞ்சாலையில் என் மாமா பைக்கோடு விழுந்து கிடந்தபோது ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டி 108-ஐக் கூப்பிட்டார். மாமாவின் போனிலிருந்தே எங்களுக்கும் பேசினார். ஆம்புலன்ஸ் வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியை அதில் வந்த ஊழியர் பிறகு எங்களிடம் சொன்னார்: "போலீஸ் கேஸுன்னு என்னை அலைய விடுவாங்களா?" விடமாட்டார்கள் என்று சொன்னபிறகுதான் அவருக்கு மூச்சு வந்ததாம். மாமாவின் பர்ஸை எண்ணிக் கொடுத்துவிட்டே கிளம்பியிருக்கிறார். பேரைக் கேட்டதற்கு, "பேர் எதுக்கு, லோடு நிக்குது" என்றாராம்.

நின்று உதவ அவருக்கு மனசு இருந்தது. தடுக்கப் பார்த்தது பயம்தான். அந்தப் பயத்தைப் போக்கத்தான் உதவுபவர்களுக்கான வழிகாட்டு நெறிகளை 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்துக்கு இணையாக அங்கீகரித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தில் உதவியவர் மீது வழக்கு போட முடியாது. விருப்பமில்லாவிட்டால் பெயர், முகவரி சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும். இதைத் தெரிந்து வைத்திருங்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள். "பாவம்" என்று கூட்டமாக நிற்பவர்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கெடுதல் செய்கிற இரக்கமும் உண்டு. ஏற்காடு, கொல்லிமலைப் பாதைகளில் காரை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறார்களே, அது. கொஞ்ச நாளில் குரங்கு காட்டை விட்டு ரோட்டிலேயே உட்கார ஆரம்பிக்கும். அப்புறம் பை பிடுங்கும், வண்டியில் அடிபடும். போட்டோ எடுத்தவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

இனி, எங்கே தொடங்கலாம் என்றதற்கு. நாய்களுக்கு வைப்பதென்றால் வாசல், மாடிப்படி, பிள்ளைகள் விளையாடும் இடம் வேண்டாம். ஆள் நடமாட்டம் குறைந்த ஒரே மூலையில், ஒரே நேரத்தில் வையுங்கள், மிச்சத்தை அள்ளிவிடுங்கள். எந்த நாயின் காதில் வெட்டு இல்லை என்று பார்த்து மாநகராட்சிக்குச் சொல்லுங்கள். யாரையாவது கடித்துவிட்டால், பிராண்டினாலும்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். ஆடு, மாடு அடிபட்டுக் கிடந்தால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

மனிதர்களுக்கென்றால் உங்கள் கேட்டிலேயே தொடங்கலாம். டெலிவரிக்கு வருபவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று போர்டு இருந்தால், அடுத்த சங்கக் கூட்டத்தில் அதைக் கழற்றச் சொல்லுங்கள். காவலாளி அறைப் பக்கம் ஒரு பெஞ்ச், ஒரு தண்ணீர் கேன், கீழே இருக்கிற கழிப்பறைச் சாவி. அவ்வளவுதான் செலவு. நாய், காக்கைக்குத் தண்ணீர் வைத்தால் அகலமான மண்சட்டியாக வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவ யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் அதில் கொசுப்புழு வளரும், அதைக் காட்டியே சங்கத்தில் யாராவது சட்டியை எடுக்கவைத்துவிடுவார்கள்.